போக்கும் வரத்தும்

போக்குவரத்து என்னும் சொல் நாள்தோறும் செவியில் விழுவது. ஆதலின் அதன் அமைப்பை எண்ணிப் பார்ப்பார் சிலரே. போக்கு ஒரு சொல். வரத்து ஒரு சொல். இரண்டும் கூடினாலன்றிப் பொருள் நிறைவுறாது. வீட்டை விட்டுப் புறப்படுகின்ற பிள்ளை 'போகிறேன்' என்று சொன்னால் தமிழ்நாட்டு முதியோர் அதனைப் பொறுப்பதில்லை. 'போய் வருகிறேன் என்று சொல்' எனத் திருத்துவர். புறப்படும்போதே திரும்புதலையும் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் கொண்ட முறை. வீட்டிற்குப் போக்காக உள்ளது, சென்று சேரும் இடத்திற்கு வரத்து ஆகிறது. அவ்விடத்திற்குப் போக்காக உள்ளதே வீட்டிற்கு வரத்து ஆகிறது. பெருங்கூட்டத்தை அழைக்கும் ஒருவர் தம் வாயிலுக்கு வரும் வரத்தை மட்டும் எண்ணி மகிழ்வாராயின், ஆயிரம் ஆயிரம் வீடுகளின் வரத்தை அவர் மறந்தவர் ஆவர்.

கால்பந்து ஆட்டம் நடைபெறும் நாளில் இது நன்கு விளங்கும். பேரரங்கு ஒன்றில் ஐம்பதாயிரம் பேர் கூடுகின்றனர். சிற்சில அரங்குகளில் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் பேரும் கூடுவதுண்டு. அஃது ஒரு நகரத்தின் மக்கள் தொகை. அவர்கள் வருகின்ற முறை வேறு, செல்கின்ற முறை வேறு. வரும்போது சிலர் இரண்டு மணி நேரம் முன்னரே வந்து அமர்வர். சிலர் கடைத்தெருவில் உணவு கொண்டு மெல்ல வருவர். சிலர் கடைசி நொடியில் ஓடி வருவர். செல்லும்போதோ நடுவரின் ஊதல் ஒலி ஒன்றே அத்தனை பேரையும் ஒருசேர எழுப்பிவிடுகிறது. ஏரி வெட்டிய முன்னோர் இதனை ஒத்த நிலையை அறிந்திருந்தனர். வரத்துக்கால் வழியே நீர் பல நாள் வந்து நிரம்பும். மிகுந்த நீர் வெளியேறுதற்குக் கலிங்கு இல்லையாயின் ஓர் இரவிலேயே கரை உடைந்துவிடும். ஆதலின் அவர்கள் வரத்துக்காலை அமைத்தபோதே கலிங்கையும் அமைத்தனர்.

விளையாட்டரங்கம் கட்டியோர் கலிங்கைப் பற்றி எண்ணக் கற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1863-ஆம் ஆண்டில் கால்பந்திற்குச் சங்கம் கண்டு விதி வகுத்த நாடு இங்கிலாந்து. பெருந்திரளாகச் சென்று ஆட்டம் காணும் வழக்கம் செழித்து வளர்ந்ததும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அடங்கிய பிரிட்டனில்தான். எனவே இப்பாடத்தையும் அந்நாடே மிகுதியாகக் கற்க நேர்ந்தது. அதற்கு அது கொடுத்த விலை பெரிது.

லண்டன் மாநகரத்து வெம்பிளி அரங்கில் முதல் ஆட்டம் 1923-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் நடைபெற்றது. அது கால்பந்துச் சங்கக் கோப்பையின் இறுதி ஆட்டம். போல்ட்டன் வாண்டரர்ஸ் அணியும் வெஸ்ட் ஹாம் யுனைட்டெட் அணியும் எதிர்நின்றன. அரங்கம் மிகப் பெரிது, வருவோர்க்கெல்லாம் இடம் இருக்கும் என்று நம்பி, வாயிலில் பணம் செலுத்தி நுழையலாம் என விட்டுவிட்டனர். கணக்கில் ஏறிய எண்ணிக்கை 1,26,047. மதில் ஏறிக் குதித்தோரையும் சேர்த்தால் இரண்டு இலட்சத்திற்கும் மேல் என்று மதிப்பிட்டோர் பலர். வாயில்களை அடைத்த பின்னரும் மக்கள் வந்தவண்ணம் இருந்தனர். ஆட்டக்களத்தில் புல்லே தெரியாதபடி மனிதர் நிறைந்தனர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வந்து அமர்ந்திருக்க, ஆட்டம் தொடங்குதற்கு இடமில்லை! குதிரைக் காவலர் சிலர் களத்தில் இறங்கினர். அவர்களுள் ஜார்ஜ் ஸ்கோரி என்பவர் ஏறியிருந்த பில்லி என்னும் சாம்பல்நிறக் குதிரை படக்காட்சியில் வெண்ணிறமாகத் தோன்றியது. அதனால் அவ்வாட்டத்திற்கே 'வெள்ளைக் குதிரை இறுதியாட்டம்' என்று பெயர் வந்தது. கூட்டம் மெல்ல மெல்லக் கோட்டிற்குப் பின்னே நகர்ந்தது. முக்கால் மணி நேரம் தாழ்த்து ஆட்டம் தொடங்கிற்று. போல்ட்டன் அணி இரண்டு கோல் அடித்து வென்றது.

ஆயிரம் பேர் அளவில் காயமுற்ற அந்நாளில் ஒருவரும் இறவாதது பெரும் பேறு. எனினும் அப்பேறே ஒருவகையில் கேடாகவும் முடிந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. இறுதியாட்டத்திற்கு மறு ஆண்டு முதல் நுழைவுச்சீட்டை முன்னரே விற்கும் முறை வந்தது உண்மை. ஆயினும் மக்கள் மனத்தில் நின்றது குதிரையே. வாயிலும் மதிலும் வழியும் எத்துணைக் குறைபாடு உடையனவாக இருந்தன என்பதை ஓர் அழகிய கதை மறைத்துவிட்டது.

இனி ஸ்காட்லாந்துக்குச் செல்வோம். கிளாஸ்கோ நகரத்து ஐப்ராக்ஸ் அரங்கம் ரேஞ்சர்ஸ் சங்கத்திற்கு உரியது. 1902-ஆம் ஆண்டில் அங்கு மரத்தாலான நிலைமேடை ஒன்று முறிந்து 25 பேர் இறந்தனர். அதன்பின் மரமேடையை விடுத்து மண்மேட்டின்மேல் நிலைப்படிகள் அமைத்தனர். ஆட்டம் முடிந்தவுடன் மக்கள் அம்மேட்டின் உச்சிக்கு ஏறி, மறுபுறத்துப் படிக்கட்டு வழியே சாலைக்கு இறங்க வேண்டும். அப்படிக்கட்டுகளுள் பதின்மூன்றாம் எண் பெற்றது காப்லந்து சாலை நிலத்தடி இருப்புப்பாதை நிலையத்திற்கு மிக அண்மையில் இருந்தது. வீடு செல்ல விரைவோர் எப்படிக்கட்டை நாடுவர் என்று சொல்லவும் வேண்டுமோ? படிக்கட்டு செங்குத்தானது. பக்கவாட்டில் விலகித் தப்பவொட்டாமல் இருபுறமும் வேலி அடைத்திருந்தது. இடையிடையே இரும்புக் கைப்பிடிகள் இருந்தன. உச்சியில் நிற்பவர்க்குக் கீழே நடப்பது தெரியாது. 1961-ஆம் ஆண்டில் இப்படிக்கட்டில் நெரிசல் உண்டாகி இருவர் இறந்தனர். 1967-இலும் 1969-இலும் மீண்டும் பலர் காயமுற்றனர். மூன்று முறை எச்சரிக்கை கிடைத்தது என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

1971-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள் ரேஞ்சர்ஸ் அணிக்கும் அதே நகரத்துச் செல்டிக் அணிக்கும் ஆட்டம். ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் கூடினர். ஆட்டம் முடியும் தறுவாயில் செல்டிக் ஒரு கோல் அடித்தது. அடுத்த சில நொடிகளில் ரேஞ்சர்ஸ் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது. மகிழ்ச்சியோடு மக்கள் பதின்மூன்றாம் படிக்கட்டில் இறங்கினர். பாதி வழியில் யாரோ சிலர் இடறி விழுந்தனர். விழுந்தவர்மேல் பின்னால் வந்தோர் விழுந்தனர். அவர்களுக்கும் பின்னால் வந்தோர்க்கு முன்னே நிகழ்ந்தது தெரியவில்லை. தெரிந்தோர்க்கும் நிற்க முடியவில்லை. அத்தகைய நெருக்கத்தில் ஒருவர் தம் காலால் நடப்பதில்லை. கூட்டமே அவரைத் தூக்கிச் செல்கிறது. இரும்புக் கைப்பிடிகள் வளைந்து போயின என்றால் மனித உடல் எம்மாத்திரம்! 66 பேர் இறந்தனர். மிதிபட்டு இறந்தவர் என்று பலர் எண்ணுவர், உண்மை அதுவன்று. மூச்சு வாங்குதற்கு மார்பு விரிதல் வேண்டும். விரிய இடம் இன்மையால் அவர்களுள் மிகப் பலர் மூச்சு முட்டி மாண்டனர்.

இறந்தோருள் ஐவர் ஒரே ஊர்ப் பள்ளிச் சிறுவர். பதின்மூன்று முதல் பதினைந்து வயதினர். பைப் மாவட்டத்து மார்க்கிஞ்ச் என்னும் சிற்றூரிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு வந்தவர்கள். அவர்கள் ஐவரும் வீடு திரும்பவில்லை.

அவ்விபத்தைப் பற்றி எழுந்த பேச்சு ஒன்று உண்டு. முன்னதாக வெளியேறிய சிலர், சமன் செய்த கோலின் ஆரவாரம் கேட்டுத் திரும்பி ஏறினர் என்றும், இறங்குவோரோடு மோதினர் என்றும், அதனாலேயே நெரிசல் விளைந்தது என்றும் கூறினர். கேட்பதற்குப் பொருத்தமான கதை. ஆனால் ஆராய்ந்தபோது அது பொய்த்தது. எல்லாரும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தனர் என்பதே தெளிவாயிற்று. 1974-ஆம் ஆண்டில், இறந்தவர் ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில் நீதிமன்றம் சங்கத்தின்மேல் குற்றம் கண்டது. ஆயினும் இக்கதை நெடுங்காலம் உலவிற்று. கூட்டத்தைப் பழிப்பது அத்துணை எளிது. கூட்டத்திற்கு முகம் இல்லை. அது எழுந்து மறுமொழி கூறாது. படிக்கட்டைப் பழித்தாலோ, அதனைக் கட்டியவர் யார், மூன்று முறை கண்டும் மாற்றாதவர் யார் என்னும் வினாக்கள் எழும்.

1975-ஆம் ஆண்டில் விளையாட்டரங்குப் பாதுகாப்புச் சட்டம் பிரிட்டனில் வந்தது. சட்டம் வந்தும் பதினான்கு ஆண்டில் முன்னதினும் பெரிய இடர் நிகழ்ந்தது. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் அணியும் நாட்டிங்ஹாம் பாரஸ்ட் அணியும் கோப்பையின் அரையிறுதி ஆட்டம் ஆடின. நின்று காணும் பகுதிக்குச் சீட்டுப் பெற்ற லிவர்பூல் அன்பர் 10,100 பேர். அவர்கள் நுழைதற்கு இருந்தவை ஏழே சுழல் கதவுகள். இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர்பின் ஒருவராக மட்டுமே விடும் சுழல் கதவு ஒன்றில், மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கிடலாகாது என்பது பிரிட்டனில் இன்று வழங்கும் வழிகாட்டி நூலின் விதி. அவ்வளவின்படி 10,100 பேரும் நுழைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். வகுத்தல் கணக்கு அறிந்த சிறுவர் எவரும் இதனைச் சீட்டு விற்பதற்கு முன்னரே சொல்லியிருப்பர்!

பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம். அதற்கு எட்டு நிமிடம் இருக்கையில், வெளியே நெரிசல் மிகவே, காவலர் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டனர். உள்ளே நேர் எதிரில் ஒரு சுரங்கவழி. அது முன்னமே நிறைந்து கிடந்த நடுப்பகுதிக்குச் சென்றது. இருபக்கத்துப் பகுதிகளில் இடம் இருந்தது. அங்கே செல்க என்று வழிகாட்டுவார் இல்லை. முன்புறம் உயர்ந்த கம்பிவேலி. ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்கி ஆறாம் நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. அந்நாளின் நெரிசலால் உயிர் துறந்தோர் 97 பேர்; அவர்களுள் ஒருவர் நெடுநாள் துன்புற்று 2021-ஆம் ஆண்டில் இறந்தவர். 1923-இல் ஒரு மன்னரைக் காக்க வைத்து ஆட்டத்தை முக்கால் மணி தாழ்த்த முடிந்தது. 1989-இல் கால் மணி தாழ்த்த எவர்க்கும் மனம் வரவில்லை.

இங்கும் பழி முதலில் கூட்டத்தின்மேல் விழுந்தது. குடித்து வந்தனர், சீட்டின்றி வந்தனர், காலம் தாழ்த்து வந்தனர் என்றனர். காவல் முறை தவறியதே முதற்காரணம் என்று நீதிபதி டெய்லரின் விசாரணை 1989-ஆம் ஆண்டிலேயே கூறியும் பழிச்சொல் அடங்கவில்லை. இறந்தோரின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஓயாது போராடினர். 2016-ஆம் ஆண்டில் சான்றாயர் குழு, அம்மக்கள் சட்டத்திற்கு மாறாகக் கொல்லப்பட்டனர் என்றும், அன்பர்களின் நடத்தை அதற்குக் காரணம் அன்று என்றும் தீர்ப்பளித்தது. பிள்ளையின் நல்ல பெயரை மீட்க ஒரு தாய் 27 ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமோ?

காண வருவோர்க்குக் கடமை ஒன்றுமே இல்லையோ என்று சிலர் கேட்கலாம். உண்டு. நேரத்தோடு புறப்படலாம், முண்டாமல் நிற்கலாம், சீட்டில்லாதவர் வாயிலை நெருக்காமல் இருக்கலாம். வெம்பிளியில் மதில் ஏறியோர் செய்தது தவறே. ஆனால் பின்வரிசையில் நிற்பவர் முன்வரிசையைக் காணார். காணாத ஒன்றுக்காக அவரைக் கடிதல் முறையாகாது. மேலே நின்று அனைத்தையும் காணத்தக்க இடம் பெற்றவர்க்கே கடமையும் பெரிது. மேலும், வெம்பிளிக் களத்தில் கூடிய அத்திரள்தான் பணிவோடு பின்னோக்கியும் நடந்தது என்பதை மறத்தல் ஆகாது.

இவை பழங்கதை என்றும் ஒதுக்க இயலாது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்துக் கஞ்சுருகான் அரங்கில் ஆட்டம் முடிந்த பின்னர்க் காவலர் கண்ணீர்ப்புகை வீசினர். கண்ணும் மூச்சும் எரிய மக்கள் வாயில்களை நோக்கி ஓடினர். வாயில்கள் குறுகியவை. 135 பேர் இறந்தனர்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. ஆட்டம் முடிந்து எட்டு நிமிடத்திற்குள் அனைவரும் தடையின்றி நடந்து செல்லும் வழியை அடைதல் வேண்டும் என்று பிரிட்டனின் வழிகாட்டி நூல் வரையறுத்துள்ளது. செருமனியில் டார்ட்மண்டு முதலிய பல நகரங்களில், ஆட்டத்திற்குரிய சீட்டே அன்றைய நகர வண்டிகளுக்கும் சீட்டாகச் செல்லும்; நிலையத்துச் சீட்டுச் சாளரத்தின் முன் எவரும் முண்ட வேண்டுவதில்லை. 2007-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புதிய வெம்பிளி அரங்கில் ஆட்டம் முடிந்ததும், நிலத்தடி வண்டி ஏறச் செல்லும் கூட்டத்தைப் பகுதி பகுதியாக நிறுத்தி விடுகின்றனர். காத்திருப்போர் முணுமுணுப்பர். முணுமுணுப்பதற்கு மூச்சு இருக்கிறது. அவ்வரங்கிற்கு அண்மையிலுள்ள மற்றோர் இருப்புப்பாதை நிலையத்தருகே அமைத்த நடைபாலத்திற்கு மக்கள் தேர்ந்த பெயர் 'வெள்ளைக் குதிரைப் பாலம்'. குதிரையின் பெயர் இறுதியில் வழிக்கே வந்து சேர்ந்தது பொருத்தமே.

ஐப்ராக்ஸில் பதின்மூன்றாம் படிக்கட்டு இன்று இல்லை. மண்மேட்டை அகற்றி அரங்கையே புதிதாகக் கட்டினர். காப்லந்து சாலை நிலையமும் ஐப்ராக்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. அரங்கின் காப்லந்து சாலைப் பக்கத்து மூலையில் 2001-ஆம் ஆண்டில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினர். 1902, 1961, 1971 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அங்கு மாண்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. மார்க்கிஞ்ச் சிறுவர் ஐவரின் பெயர்களும் அவற்றுள் உள்ளன.