இறையியல் எமக்கும் பாடமே

மேல்நிலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள ஒவ்வொரு மாணவியிடமும் வீட்டாரும் உற்றாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" மருத்துவம், பொறியியல், செவிலியர் பயிற்சி, ஆசிரியப் பயிற்சி, வணிகவியல் என்று விடைகள் வரும். "இறையியல் படிக்க விரும்புகிறேன்" என்று ஒருத்தி சொல்லிப் பார்க்கட்டும். "கன்னியர் மடத்தில் சேரப் போகிறாயோ?" என்பார்கள். இல்லை என்றால், "பிறகு அது உனக்கு எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. இந்த 'எதற்கு' என்னும் சொல்லைப் பற்றித்தான் மேல்வகுப்பு மாணவியராகிய நாங்கள் சிலவற்றை எழுதத் துணிகிறோம்.

நம் பங்கிலிருந்து ஒரு பையன் குருமடம் செல்கிறான் என்றால் ஊரே மகிழ்கிறது. மகிழ வேண்டியதுதான். அவன் நடக்கப்போகும் பாதை நெடியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி மெய்யியலுக்கு இரண்டு ஆண்டும் இறையியலுக்கு நான்கு ஆண்டுமாக ஆறு முழு ஆண்டுகள் அவன் படித்தாக வேண்டும். அதற்கு முன்னே ஆன்மீகத் தயாரிப்புக் காலம் உண்டு. நடுவே பங்கிலோ, விடுதியிலோ, பள்ளியிலோ களப்பயிற்சி. கல்லூரிப் பட்டம் ஒன்றையும் பெறுகிறவர் பலர். 25 வயது நிறைந்த பிறகே குருப்பட்டம் என்பது பொதுவிதி. எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. ஓர் ஆன்மாவுக்கு வழிகாட்டுவது ஓர் உடலுக்கு மருந்து கொடுப்பதைவிட எளிய வேலையா என்ன? ஆகையால் இந்தப் பத்தாண்டுகளில் ஒரு நாளையும் நாங்கள் மிகையென்று சொல்லவில்லை.

எக்காலத்திலும் இப்படி இருந்ததில்லை. குருவாக விரும்பிய இளைஞன் ஒரு மூத்த குருவுக்குத் துணையாயிருந்து, பார்த்துப் பழகி, திருப்பலிச் செபங்களை மனனம் செய்து பட்டம் பெற்ற காலமும் உண்டு. படிப்பின் குறை சபைக்குள் பெருந்தீங்காய் முடிந்ததைக் கண்ட திரிதெந்துப் பொதுச்சங்கம், 1563ஆம் ஆண்டில், ஒவ்வொரு மறைமாவட்டமும் குருமடம் அமைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அதற்கு அவர்கள் இட்ட இலத்தீன் பெயருக்கு 'நாற்றங்கால்' என்பது பொருள். எவ்வளவு அருமையான பெயர்! நாற்றங்காலைப் பற்றி நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்றுப் பறிப்பதும் முடி கட்டுவதும் நடுவதும் அவர்கள் கைவேலை. நாள் கடந்து முற்றிப்போன நாற்று, வயலில் நட்டபின் தூர் கட்டத் தயங்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். வயலின் மண்ணையும் வெயிலையும் அறியாமல் மதிலுக்குள்ளேயே நெடுங்காலம் வளரும் இளைஞனுக்கும் அந்தத் தயக்கம் வரக்கூடும் அல்லவா? இது எங்கள் கற்பனை அன்று. 2016ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து வெளிவந்த குருத்துவப் பயிற்சி வழிகாட்டி, பயிற்சிக் காலத்தில் பெண்களின் பங்கு தனிச்சிறப்புடையது என்று சொல்கிறது. பேராசிரியராகவும், வல்லுநராகவும், குடும்பங்களிலும், இறைப்பணிக் களத்திலும் பெண்கள் அப்பயிற்சியில் இடம்பெறுகிறார்கள் என்பதை அது வெளிப்படையாகவே ஏற்கிறது. நாற்றங்காலில் பெண்களுக்கும் வேலை உண்டு என்பதே இதன் கருத்து.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆர்ஸ் ஊர்ப் பங்குத்தந்தையான புனித வியான்னி இலத்தீன் மொழியில் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. பாடம் ஏறாமல் திணறியும், பெரும் முயற்சிக்குப் பின் 1815இல் குருவானார். 1929இல் பங்குக் குருக்கள் அனைவருக்கும் பாதுகாவலர் என்று திருச்சபை அவரையே அறிவித்தது. இன்று நம் நாட்டுக் குருமாணவரை இலத்தீன் அவ்வளவாகத் துன்புறுத்துவதில்லை. அந்த இடத்தை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. பெங்களூரிலும் பூனாவிலும் பல மாநிலத்து மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள், ஆகவே ஆங்கிலத்தில் கற்பிப்பதைக் குறை சொல்ல இயலாது. ஆனால் பத்தாண்டுகளாக ஆங்கிலத்தில் கற்றதை ஞாயிறு காலையில் பத்து நிமிடத்தில் தமிழில் சொல்லியாக வேண்டுமே! கேட்பவர் யார்? பீடி சுற்றும் தாய், உப்பளத்தில் கால் வெடித்த அக்காள், மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவரும் பாட்டி. அவர்களுக்கு முன்னால் 'இருத்தலியல்', 'பரிமாணம்', 'ஒருங்கிணைந்த அணுகுமுறை' என்று சொற்கள் வரிசையாய் வந்து நிற்கும்போது, பாட்டி செபமாலையைக் கையில் எடுத்துக்கொள்கிறாள். அவளைக் குறை சொல்வாரும் உண்டு. நாங்கள் சொல்லமாட்டோம்.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தெ நோபிலி, தமிழும் வடமொழியும் கற்ற பின்னரே தம் கருத்தைக் கற்றோரிடம் எடுத்துரைத்தார். அயல்நாட்டவர் ஒருவர் அவ்வளவு பாடுபட்ட மண்ணில், இங்கேயே பிறந்தவர் தாய்மொழியில் தடுமாறலாமா? குருமாணவர் தம் தாய்மொழியை நன்கு கற்றிருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. எங்கள் எளிய யோசனை ஒன்று உண்டு. களப்பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு சகோதரரும் தம் மறையுரையை முதலில் ஓர் அன்பியக் கூட்டத்தில், ஏழெட்டுப் பெண்கள் முன்னிலையில் சொல்லிக் காட்டட்டும். புரியாத இடத்தில் அவர்கள் கை தூக்கட்டும். பேராசிரியர் இடும் மதிப்பெண்ணோடு அந்தக் கைகளின் எண்ணிக்கையும் சேர்த்துப் பார்க்கப்படுமானால் மறையுரைகளில் மாறுதல் தெரியும்.

குருக்களின் பயிற்சியோடு இப்பொருள் முடிந்துவிடுவதில்லை. பங்கில் விசுவாசத்தைக் கற்றுக்கொடுப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயாரிப்பவர் யார்? எங்களுக்குத் தெரிந்த பங்குகளிலெல்லாம் அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் இளம் பெண்களுமே. எங்கள் வகுப்புத் தோழியர் சிலரும் ஞாயிறுதோறும் மறைக்கல்வி நடத்துகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி என்ன? கோடையில் சில நாள் வகுப்பு, கையில் ஒரு நூல்.

எட்டு வயதுப் பிள்ளை கேட்கிறது: "எங்கள் தாத்தா ஞானஸ்நானம் வாங்காமலே இறந்துவிட்டார். அவர் மோட்சத்துக்குப் போவாரா?" அப்பன் வீடு ஒரு சமயம், ஆத்தாள் வீடு ஒரு சமயம் என்றிருக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் நாட்டில் இது என்றாவது ஒருநாள் கேட்கப்படும் கேள்விதான். பதினேழு வயது ஆசிரியை என்ன சொல்வாள்? "போகமாட்டார்" என்றால் அந்தப் பிள்ளை அன்றிரவு உறங்காது. "அதெல்லாம் கேட்கக்கூடாது" என்றால் இனி எதையும் கேட்காது. விடை இல்லாமல் இல்லை. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சான்று காட்டும் வழியில் நடந்தால் மீட்படையக் கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே தெளிவாக்கியிருக்கிறது. குருமாணவர் இதை வகுப்பில் கற்கிறார். ஆனால் கேள்வியை எதிர்கொள்பவள் இந்தப் பெண். கற்றவரிடம் கேள்வி வருவதில்லை, கேள்வி வருகிறவளுக்குக் கற்பிப்பதில்லை. இதுவே எங்கள் மனக்குறை.

முன்னோர் இதை உணராதவர் அல்லர். 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர், காவியத்தோடு நின்றுவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று மறைபோதித்த உபதேசியார்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார். குருக்கள் எப்போதோ ஒருமுறை வந்துபோன அந்தப் 18ஆம் நூற்றாண்டில், திருச்சபையைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள் என்பதை அவர் கண்டிருந்தார். 1844ஆம் ஆண்டையும் நினைவுகூர்வோம். அவ்வாண்டு புதுச்சேரியில் கூடிய சங்கம், இந்நாட்டுக் குருக்களின் பயிற்சியைப் பற்றியும் பள்ளிகளைப் பற்றியும் ஆராய்ந்தது. அதே ஆண்டில், அதே ஊரில், பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்காக இந்நாட்டுப் பெண்களைக்கொண்டே ஒரு கன்னியர் சபையைத் துய்ப்புயி அடிகளார் தொடங்கினார். குருமடமும் பெண்கள் பள்ளியும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை எனலாம். பின்னர் ஏனோ ஒன்று இறையியலை வைத்துக்கொண்டது, மற்றது தையலை வைத்துக்கொண்டது.

வெளிநாட்டிலும் நெடுங்காலம் இதே நிலைதான். அமெரிக்காவில் கத்தோலிக்கப் பெண்கள் மேற்பட்ட இறையியல் படிக்கக் கல்லூரி இல்லையென்று கண்ட அருட்சகோதரி மதலேவா, தாம் தலைவியாயிருந்த இந்தியானா மாநிலத்துத் தூய மரியன்னை கல்லூரியில் 1943இல் பெண்களுக்கென்றே இறையியல் பள்ளியைத் திறந்தார். கதவு திறக்கும்வரை காத்திராமல் ஒரு கதவைச் செய்தே வைத்துவிட்டார்! 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல், அவிலா தெரேசம்மாளையும் சியன்னா கத்தரீனம்மாளையும் திருச்சபையின் மறைவல்லுநர்கள் என்று அறிவித்தார். பெண்களுக்கு அப்பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. கத்தரீனம்மாள் பள்ளிக்கூடமே காணாதவர். ஆனாலும் திருத்தந்தைக்குக் கடிதம் எழுதுவித்தார்.

நம் நாட்டிலும் கதவு முழுவதும் அடைபட்டிருக்கவில்லை. பூனாவின் ஞான தீப வித்யாபீடத்தில் அருட்சகோதரியரும் பொதுநிலையினரும் சேர்ந்து பயில்கிறார்கள். மதுரை அரசரடியிலுள்ள இறையியல் கல்லூரியில் பிற சபைகளைச் சேர்ந்த பெண்கள் ஆண்களோடு ஒரே வகுப்பில் விவிலியம் கற்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் ஒரு பெண்மணி பேராயராகவும் ஆனார். குருப்பட்டத்தைப் பொறுத்தவரை நம் திருச்சபையின் ஒழுங்கு வேறு, அதைப்பற்றி வழக்காட நாங்கள் வரவில்லை. நாங்கள் கேட்பது பீடத்தை அன்று, புத்தகத்தை. மேலும் 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பீடத்துணையாளர் ஆகிய பணிநிலைகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே ஆண்டில் வேதியர் பணியை ஒரு திருப்பணியாகவே நிறுவினார். பணி வந்துவிட்டது, பயிற்சி எங்கே?

பெற்றோர் சொல்லக்கூடிய தடைகளை நாங்கள் அறிவோம். "படித்தால் வேலை கிடைக்குமா?" நேர்மையாகச் சொன்னால், இன்றைய நிலையில் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே வேறொரு படிப்போடு சேர்த்துப் பயிலத்தக்க முறையில் அது அமைய வேண்டும். "நாளை கலியாணமாகி வேறு ஊர் போகிறவள்தானே?" என்பது அடுத்தது. போகட்டுமே! அவள் கற்றதும் அவளோடு போகும், அந்த ஊர்ப் பங்குக்கு ஆகும். "செலவு?" என்பது மூன்றாவது.

செலவு என்றவுடன் எங்களுக்கு நினைவு வருவது பிரான்சு நாட்டின் கான் நகரில் வாழ்ந்த ஸ்தெபனி பிகார்ட் அம்மையாரும் அவர் மகள் ழானும். தூர நாடுகளில் பணமின்றிக் குருமாணவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது என்று கேள்விப்பட்ட தாயும் மகளும், 1889இல் வீடு வீடாக உதவி திரட்டத் தொடங்கினார்கள். புனித பேதுரு சங்கம் என்று 1922 முதல் திருத்தந்தையின் பெயரால் நடைபெற்றுவருவது அவர்கள் தொடங்கிய அந்த முயற்சியே. மறைபரப்பு நாடுகளின் குருமடங்களுக்கு அது இன்றும் உதவுகிறது. ஆண்களின் இறையியல் படிப்புக்கு இரண்டு பெண்கள் பணம் திரட்டினார்கள். பெண்களின் படிப்புக்காக ஒரு ஞாயிறு காணிக்கையை ஒதுக்கும்படி நாங்கள் கேட்டால் அது பேராசையா?

நாங்கள் கேட்பது பெரிதன்று. மறைக்கல்வி நடத்தும் பெண்களுக்குச் சனி, ஞாயிறுகளில் இரண்டாண்டுக் காலம் தமிழில் இறையியல் வகுப்பு. முடிவில் தேர்வு, சான்றிதழ். மறைவட்டத்துக்கு ஒரு மாணவிக்காவது முழுநேரப் படிப்புக்கு உதவித்தொகை. குருமடத்திலே படிப்பித்துவரும் தந்தையர் ஓரிருவர் அவ்வகுப்புகளை எடுத்தால் போதும், மூத்த குருமாணவர்களும் உடனமர்ந்து கேட்கலாம். அந்த எட்டு வயதுப் பிள்ளையின் கேள்வி அப்போது அவர்கள் காதிலும் விழும்.

இவ்விதழ் அச்சாகி வரும்போது எங்களுள் பலர் வெவ்வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்போம். எங்கள் பள்ளி நூலகத்தின் வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையில் எல்லாக் கல்லூரிகளின் விவரமும் ஒட்டப்படுகிறது. அடுத்த கல்வியாண்டு முதல் இறையியல் படிப்புகளின் விவரமும், கட்டணம் எவ்வளவு, பாடம் எந்த மொழியில், பெண்களுக்கு விடுதி உண்டா என்ற குறிப்புகளோடு, அங்கே ஒட்டப்பட வேண்டுமெனத் தலைமையாசிரியை அன்னையவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தாளையும் பசையையும் தங்கையர் பார்த்துக்கொள்வார்கள்.