பெட்டியும் பிரதியும்

சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களில் முன்பெல்லாம் மரப்பெட்டி ஒன்று இருக்கும். கிரயப் பத்திரம், பாகப் பிரிவினைத் தஸ்தாவேஜு, ஜாதகங்கள் யாவும் அதற்குள் அடக்கம். சாவி வீட்டுப் பெரியவரின் இடுப்பிலே தொங்கும். இன்றோ அப்பெட்டியின் உத்தியோகத்தைக் கணினியும் கைப்பேசியும் ஏற்றுக்கொண்டுவிட்டன. லாரி வைத்திருப்பவரின் பெர்மிட்டும், கோழிப் பண்ணைக்காரரின் வரவு செலவும், குழந்தையின் முதல் பிறந்த நாள் படமும், மறைந்த தாயாரின் குரலும் அவற்றில்தான் குடியிருக்கின்றன. பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் ஆபீஸில் நகல் கேட்கலாம். தாயாரின் குரலுக்கு நகல் கொடுக்கும் ஆபீஸ் எது?

ஒரே பிரதியை நம்பியதால் நம் ஜனங்கள் அடைந்த நஷ்டம் கொஞ்சமல்ல. ஓலைச் சுவடி செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதப்பட்ட நூல்களே பிழைத்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, அதன் பிரதிகள் பல ஊர்களில் தங்கியிருந்ததால் அல்லவா? 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சுப் புத்தகங்களை வேறிடத்தில் தேடலாம். வேறு பிரதியில்லாத சுவடிகள் போனவை போனவையே.

இப்போது நடுத்தரக் குடும்பங்களிலும் 'நாஸ்' என்னும் சிறு சேமிப்புப் பெட்டி நுழைந்து வருகிறது. வீட்டு ரூட்டருடன் இணைத்து மூலையில் வைத்து, ஒருமுறை ஏற்பாடு செய்துவிட்டால், வீட்டிலுள்ள கருவிகளின் கோப்புகள் இரவு வேளையில் தாமாகவே அதில் பிரதியாகும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்குகளைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதச் செய்யலாம். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும்.

இதோடு திருப்தியடைகிறவர்களுக்கே நாம் முக்கியமாக எச்சரிக்கை செய்ய விரும்புகிறோம். இரண்டு டிஸ்க் இருப்பதால் இரண்டு பிரதி இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. கை தவறி ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். கோடை மழையின் இடி இறங்கினாலும் அதே கதிதான். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற தீய நிரல், இணையத்துக்கு நேரே திறந்திருந்த கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயத்தொகை கேட்டது.

ஆகவே பெட்டியை வெளி இணையத்துக்குத் திறந்து வைக்கலாகாது. அதன் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்த வேண்டாம். கோப்புகளின் பழைய நிலைகளைச் சில வாரங்களுக்கேனும் காத்துவைக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு; அதை இயக்கி வைப்பது அவசியம். மின்சாரம் திடீரென்று நிற்கும் ஊர்களில் யுபிஎஸ் இல்லாமல் தீராது.

இவற்றிலும் முக்கியமானது, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி. பிரதிகள் மூன்று, வைக்கும் சாதனம் இரண்டு வகை, அவற்றுள் ஒரு பிரதி வெளியிடத்தில் என்று நிபுணர்கள் கணக்குச் சொல்கிறார்கள். சேலத்துக்காரர் ராசிபுரத்து அத்தை வீட்டில் தனி டிஸ்க் ஒன்றை வைக்கலாம். மாதம் ஒருமுறை போய்வர அது ஒரு வியாஜமும் ஆகும். வெளியே போகும் பிரதியை மறையாக்கம் செய்து பூட்டிவிட வேண்டும். அதைத் திறக்கும் சொல்லைக் காகிதத்தில் எழுதி, குடும்பத்தில் இருவர் அறியும்படி அந்தப் பழைய மரப்பெட்டியிலேயே வைக்கலாம்.

பிரதி எடுத்தால் போதாது. எடுத்தது திரும்பி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31-ம் தேதி கிட்லாப் என்னும் பெரிய மென்பொருள் கம்பெனியில், ஊழியர் ஒருவர் கை தவறி முக்கியத் தரவுகளை அழித்துவிட்டார். காப்புக்கென்று செய்திருந்த ஏற்பாடுகள் பல இருந்தும், சமயத்துக்கு அவை உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியமாக எடுத்திருந்த பிரதியே காப்பாற்றியது.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி வைக்கிறோம். மறுநாள் விஜயதசமியன்று எடுத்து நாலு வரியாவது படிக்கிறோம். அன்றே நாஸ் பெட்டியிலிருந்தும் அத்தை வீட்டு டிஸ்கிலிருந்தும் ஒவ்வொரு படத்தைத் திரும்ப எடுத்து, குழந்தைகளுடன் உட்கார்ந்து பாருங்கள். படம் தெரியவில்லையானால், அதைச் சரி செய்ய அன்றே நல்ல நாள்.