தாத்தாவின் பூட்ஸ்

எங்கள் சேரிப் படிப்பகத்தில் என் தாத்தாவின் படத்தை மாட்ட வேண்டும் என்று பிள்ளைகள் வந்து கேட்டார்கள். மிலிட்டரி உடுப்பில் இருக்கிற படம். கீழே ‘வீரப் பரம்பரை’ என்று எழுதுவார்களாம். கூடவே ஒரு கதை. யுத்தம் முடிந்து லீவில் வந்தவர் ஊர்த்தெருவில் பூட்ஸ் காலோடு டக் டக் என்று நடந்தார், ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை என்று. எங்கள் பக்கத்தில் மேடைக்கு மேடை சொல்லப்படுகிற கதை. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அது இல்லை தோழர்களே.

வடாற்காட்டுச் சேரி ஒன்றிலிருந்து 1942-இல் பட்டாளத்துக்குப் போனவர் அவர். தேசபக்தியும் இல்லை, ராஜபக்தியும் இல்லை, பசி. மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து பெங்களூரில் பயிற்சி. அப்புறம் இம்பால், சிந்த்வின் ஆறு, ஐராவதி ஆறு. “நான் சுட்டது கொறச்சல்டா கண்ணு. ரோடு போட்டது, பாலம் கட்னது, கண்ணிவெடி எடுத்ததுதான் ஜாஸ்தி” என்பார். “நாங்க கட்ன பாலத்து மேல எல்லா சாதிக்காரனும்தான் நடந்து போனான். அப்ப எவனுக்கும் தீட்டு படல” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

1946-இல் லீவில் வந்தார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து சேரிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். தெருமுனையில் நாலு பேர் மறித்தார்கள். கழட்டினார். லேஸைச் சேர்த்து முடிந்து, பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு தெருவைக் கடந்தார்.

காலேஜில் அரசியல் பேசக் கற்றுக்கொண்ட புதுசில் நான் அவரைக் கேட்டேன்: “ஏன் தாத்தா கழட்டுன? ஜப்பான்காரனையே பாத்துட்டு வந்தவன், நாலு பேரை அடிச்சிருக்க முடியாதா?” அவருக்குக் கோபம் வரவில்லை. “எனுக்கு லீவு இருபது நாளு. அப்புறம் ரயில் ஏறிப்பூடுவேன். எங்க அப்பன், அம்மா, ரெண்டு தங்கச்சிங்க எங்கடா போவும்? நாளைக்கு அவன் நெலத்துலதான நிக்கணும்? நான் அடிச்சா அவன் கொளுத்தறது அவங்க குடிசயத்தான?”

அந்தக் கணக்கு தப்பு என்று எவன் சொல்வான்? கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த நாடு இது.

வீரப் பரம்பரை என்ற சொல்லில் எனக்கு இருக்கும் சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது. 1818-இல் கோரேகானில் போரிட்ட மகார்களின் நினைவுத் தூணுக்கு 1927-இல் பாபாசாகேப் போய் நின்றார். அதைச் சொல்கிற நாம் மீதியையும் சொல்ல வேண்டும். அதே மகார்களைப் ‘போர்க்குடி’ இல்லை என்று 1892-இல் வெள்ளைக்காரன் படைக்கு எடுப்பதை நிறுத்தினான். முதல் உலக யுத்தத்துக்கு ஆள் போதாமல் 1917-இல் மகார் படை அமைத்தான், 1921-இல் கலைத்தான். இரண்டாம் யுத்தம் வந்ததும் 1941-இல் மறுபடி மகார் ரெஜிமெண்ட். 1943-இல் சமார் ரெஜிமெண்ட் அமைத்து, யுத்தம் முடிந்த கையோடு 1946-இல் அதைக் கலைத்தான். சாவதற்கு ஆள் தேவைப்பட்டால் நாம் வீரர்கள். தேவை தீர்ந்தால் பழையபடி சேரி.

அம்பேத்கரின் அப்பா ராணுவத்தில் சுபேதார். அந்த சுபேதாரின் பிள்ளைதான் சதாராவில் பள்ளிக்கூடத்தில் தனியாகச் சாக்கில் உட்கார்ந்தது. தண்ணீர்க் குழாயைத் தொட அந்தப் பிள்ளைக்கு அனுமதி இல்லை. உடுப்பு சாதியிலிருந்து காப்பாற்றும் என்றால் முதலில் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா?

பிறகு, இன்னொன்றும் கேட்கிறேன். கொன்றால்தான், செத்தால்தான் மனுசன் என்று ஒப்புக்கொள்வேன் என்கிறவனிடம் நாம் ஏன் சான்றிதழ் வாங்க வேண்டும்? ஆண்ட பரம்பரை என்று மீசை முறுக்குகிறவர்களோடு போட்டி போட்டு நாமும் ஒரு மீசை ஒட்டிக்கொள்ள வேண்டுமா? பட்டாளத்துக்குப் போகாமல் காலமெல்லாம் நாற்று நட்ட அவருடைய தங்கச்சிகள் எந்தப் பரம்பரை?

பட்டாளத்திலிருந்து தாத்தா கொண்டுவந்தது பென்ஷன். ஆண்டை கையால் அளக்காத காசு. 1958-இல் அந்தப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர், அதற்கப்புறம் எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தரையும் ஆண்டை நிலத்துக்கு அனுப்பவில்லை. என் அப்பாவும் அத்தைகளும் காலில் செருப்போடு பள்ளிக்கூடம் போனார்கள். நான் இன்றைக்கு பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து, பென்ஷன் வாங்க வரும் கிழவர்களுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிறேன் என்றால் அது அந்தக் காசால்தான். 2009-இல் அவர் சாகும்வரை கட்டிலுக்கடியில் அந்தப் பூட்ஸ் பாலிஷ் போட்டபடியே இருந்தது.

படத்தை மாட்டுங்கள் தம்பிகளே. ‘வீரப் பரம்பரை’ வேண்டாம். அவர் பெயரை எழுதுங்கள். பர்மாவில் பாலம் கட்டினார் என்று எழுதுங்கள். அதற்குக் கீழே, ‘1946-இல் இந்த ஊர்த்தெருவில் இவர் பூட்ஸைக் கழட்ட வைத்தார்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதில் வெட்கப்பட அவருக்கு ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.