கண்ணாக் காடும் எமது கவியரங்கும்

கடற்கோளுக்குப் பிந்திய நாட்களில் களப்போரம் நடந்த மரநடுகை விழாவொன்றில் நானும் கவிதை வாசித்தேன். பதாகை, ஒலிபெருக்கி, தேநீர், வடை எல்லாம் இருந்தன. கண்டல் நாற்றுகளைச் சேற்றில் ஊன்றிப் படமும் எடுத்துக்கொண்டோம். மறு வருடம் அவ்வழியே போனேன். ஒரு நாற்றும் இல்லை. என் கவிதை மட்டும் விழா மலரில் பத்திரமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இது ஓரூரின் கதையல்ல. கடற்கோளுக்குப் பின் இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை என்கிறது. நட்டது 1,000 ஹெக்டேயருக்கு மேல். தேறியது 200 சொச்சம். பொருந்தாத இனத்தைப் பிழையான மட்டத்தில் ஊன்றிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனால் வேறென்ன நடக்கும்?

"வெட்டினால் என்ன, நட்டுக்கொள்ளலாம்தானே" என்போருக்கு இதுவே பதில்.

புத்தளம் மாவட்டத்தைப் பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் களப்போரக் கண்ணாக் காடுகளை அழித்து இறால் பண்ணைகள் வெட்டினார்கள். இறால் குஞ்சு ஒதுங்கி வளர்வது கண்டல் வேர்களுக்கிடையில். தொட்டிலை உடைத்துப் பிள்ளை வளர்க்கப் புறப்பட்ட கதை இது. பண்ணைகள் கழிவுநீரை விட்டதும் புதுநீரை எடுத்ததும் ஒரே ஒல்லாந்தர் கால்வாயில். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அந்த நீரே அதைப் பண்ணைக்குப் பண்ணை கொண்டுபோனது. கைவிடப்பட்ட குளங்கள் இன்றும் கிடக்கின்றன.

கெட்டது களப்பு மட்டுமல்ல. கண்டல் காடு, தரைக்காட்டைவிடப் பல மடங்கு கரியைச் சேர்த்து வைப்பது. அதிலும் பெரும்பங்கு காற்றுப்படாத சேற்றுக்குள். அச்சேற்றைத் தோண்டிக் காயவிட்டால் நூற்றாண்டுகளாகப் புதைந்த கரி வாயுவாகி வானேறுகிறது. மண் புளித்து அமிலமாகிறது. பிறகு வெயில் கூடிற்று, மழை பிழைத்தது என்று ஒப்பாரி வைக்கிறோம்.

"சனம் பிழைக்க வேண்டாமா? மரம் பாடுவது வயிறு நிறைந்தவன் வேலை" என்றார் இலக்கிய நண்பரொருவர். சனம் யார்? முதல் போட்டவர் நோய் வந்ததும் பணத்தோடு வேறு தொழிலுக்குப் போனார். மீனும் நண்டும் குறைந்த களப்பில் இன்றும் வலை வீசுபவன் எங்கே போவான்? விறகுக்குக் கொப்பொடித்த ஏழையைப் பிடித்தவர்கள், காட்டையே புரட்டிய இயந்திரத்தைக் காணவில்லை. நாங்களும் எழுதவில்லை.

2015இல் கண்டல் காடுகள் அனைத்தையும் காக்க உறுதிபூண்ட முதல் நாடென்று இலங்கை புகழப்பட்டது. நல்லது. ஆனால் பாழ்பட்ட குளத்துக்கு முதலில் வேண்டியது நாற்றல்ல, நீரோட்டம். வரம்பை வெட்டிக் கடல்நீர் வந்துபோக விட்டால், அருகில் தாய்மரம் நின்றால், மிதந்துவரும் முளைகள் தாமே வேர்பிடிக்கும். அதற்குப் பதாகை தேவையில்லை, கவிஞனும் தேவையில்லை.

அடுத்த விழாவுக்கு என்னை அழைப்போர், எந்த வரம்பை வெட்டப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மண்வெட்டியோடு வருகிறேன்.