ஏட்டில் பெயர் வராதவர்கள்

சித்தாண்டி ஸ்ரீ சித்திர வேலாயுத சுவாமி கோயிலுக்குத் திருவிழாக் காலத்தில் சென்றவர்கள் அங்கே திரளும் சனக்கூட்டத்தை அறிவார்கள். சுவாமி வீதியுலா வரும் வேளையில் அத்தனை பேருடைய கைகளும் தலைமேற் குவிகின்றன. அத்தனை கண்களும் ஒரே திசையை நோக்குகின்றன. அதே வேளையில் அன்னதானக் கொட்டகையின் பின்புறத்திலே, புகையினாற் கண் சிவந்து, கிடாரத்தருகே அகப்பையுடன் நிற்கும் மனிதரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊருக்கெல்லாம் உணவு சமைப்பவர் அவர். ஆயினும் உபயகாரர் பட்டியலில் அவர் பெயர் இராது.

இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டதும் அத்தகையோரைப் பற்றியே. கோயில் வாசலில் ஆரம்பித்துச் சாராயப் போத்தலுக்கு வருகிறோமே என்று வாசக நேயர்கள் முகஞ் சுழிக்க வேண்டாம். குடியும் போதைவஸ்தும் மனிதரை எவ்வாறு பிடிக்கின்றன, அவற்றின் பிடியிலிருந்து அவரை எவ்வாறு மீட்பது என்று ஆராயும் நிலையங்களிலே, திரைக்குப் பின்னால் நின்று பணி செய்வோரைப் பற்றியே கூறப்போகிறோம்.

நம் நாட்டில் இப்பணிக்கென ஏற்பட்ட தாபனங்கள் சில உண்டு. 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. அதற்கு ஆராய்ச்சிப் பிரிவொன்று உண்டு. தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் சிகிச்சை நிலையங்களும் ஏற்பட்டன. அரசாங்கஞ் சாராத மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம் 1987இல் கொழும்பில் ஆரம்பமாயிற்று. 2006இல் புகையிலைக்கும் மதுசாரத்துக்குமென ஒரு தேசிய அதிகாரசபை சட்டத்தினால் அமைக்கப்பட்டது. இவை வெளியிடும் கணக்குகளைப் பத்திரிகையிற் காணும்போது, “நூற்றுக்கு இத்தனை பேரா!” என்று வியந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்தக் கணக்கை எண்ணியவர் யார், எப்படி எண்ணினார் என்று நாம் கேட்பதில்லை.

பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்திருந்த சமயம், சித்தாண்டியிலே நண்பரொருவர் வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். கையிற் காசு புழங்கும் காலம் அது. அதனால் தவறணையிலும் கூட்டம் மிகும் காலம். அயல்வீட்டு வேலியண்டை ஒரு இளம்பெண் துவிச்சக்கர வண்டியைச் சாத்திவிட்டு, கையிற் படிவக் கட்டுடன் உள்ளே சென்றாள். வீட்டுக்காரி முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டிற் குடிப்பவர் எவரேனும் உண்டா, மாதம் எவ்வளவு செலவாகிறது, சண்டை சச்சரவு நேர்வதுண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் “இல்லை, இல்லை” என்ற ஒரே விடைதான் வந்தது. அப்பெண் முகத்தில் எவ்வித மாறுதலுமின்றி அவ்வாறே எழுதினாள். நன்றி கூறி எழுந்தாள்.

படலையைத் தாண்டும் வேளையிற் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“புள்ள, இந்தக் கடதாசியில எங்கட பேர் வருமா?”

“வராது அக்கா. வீட்டுக்கு ஒரு இலக்கந்தான். பேர் எழுதவே மாட்டோம்.”

வீட்டுக்காரி சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அப்ப வந்து இரு. இன்னொருக்காக் கேள்” என்றாள்.

நாம் எழுந்து நண்பர் வீட்டின் உள்ளே சென்றுவிட்டோம். அதற்குமேற் கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

அன்று மாலை அப்பெண்ணின் படிவக் கட்டிலே ஒரு “இல்லை” “ஆம்” என மாறியிருக்கும். எங்கோ ஒரு நகரத்தில் வெளியாகும் அறிக்கையிலே அது ஒரு புள்ளியின் ஓர் அணுவாகச் சேர்ந்திருக்கும். அந்த அணு உண்மையாயிருப்பதற்கு, வெயிலில் வண்டி மிதித்து வந்த ஒருத்தியின் பொறுமையும், தன் வீட்டுத் துயரை அந்நியர் ஒருவரிடம் சொல்லத் துணிந்த இன்னொருத்தியின் நெஞ்சுரமுமே காரணம். அறிக்கையின் முகப்பில் இருவர் பெயரும் இராது. இருக்கவுங் கூடாது.

கேட்பவரின் சிரமம் இவ்வளவுடன் தீர்வதில்லை. குடியினால் வரும் கேட்டை முன்கூட்டியே அறிவதற்கு உலக சுகாதார தாபனம் பத்து வினாக்கள் கொண்ட ஒரு சோதனையை வகுத்து, 1989இல் அதற்குரிய கைநூலை வெளியிட்டது. அவுஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிக்கோ, நோர்வே, அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் நடந்த ஆராய்ச்சியின் விளைவு அது. ஒவ்வொரு வினாவுக்கும் பூச்சியம் முதல் 4 வரை புள்ளிகள், மொத்தம் 40. எட்டும் அதற்கு மேலும் பெறுபவர் எச்சரிக்கைக்குரியவர். எத்தனை நாளுக்கொரு தடவை குடிக்கிறீர், காலையில் எழுந்ததும் குடித்தாலன்றிக் கை ஓடாத நிலை உண்டா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு சென்று, பத்தாவது வினாவிலே, உறவினரோ நண்பரோ வைத்தியரோ உமது குடியைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டா என்று கேட்கிறது. வீட்டாரின் கவலையும் அங்கே ஒரு சான்றாகிறது!

இப்பத்து வினாக்களையும் தமிழிலே கேட்பதெப்படி? “மது அருந்துவதுண்டா?” என்று ஏட்டுத் தமிழிற் கேட்டால், கள்ளை மதுவாகவே எண்ணாத கிழவர், “சீ, அந்தப் பழக்கம் நமக்கில்லை” என்று மனச்சாட்சி உறுத்தாமலே கூறிவிடுவார். கள்ளு, சாராயம், கசிப்பு, பியர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டாலே உண்மை வெளிவரும். ஆதலால் ஒருவர் தமிழாக்க, ஆங்கில மூலத்தைப் பாராத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை களைவது இத்துறையின் வழக்கம். மொழிபெயர்ப்பாளர் மேசையில் ஒரு சொல் தவறினால், வீதியிலே ஆயிரம் விடைகள் தவறும்.

அடுத்தது அளவு. அச்சோதனை மதுவைக் கிராமிலே கணக்கிடுகிறது. 10 கிராம் மதுசாரம் ஓர் அலகு. நம் ஊரவர் கிராமா பேசுகிறார்கள்? “ஒரு காலுக்கு மேல் தொடுவதில்லை” என்பார்கள். கால் போத்தல் என்பது 180 மில்லிலீற்றர். நம் நாட்டுச் சாராயத்தில் நூற்றுக்கு 33.5 பங்கு மதுசாரம் இருப்பது வழக்கம். கணக்கிட்டுப் பார்த்தால் அந்தக் “கால்” ஏறக்குறைய 48 கிராம். அதாவது 5 அலகுக்குச் சிறிதே குறைவு. மிகக் கொஞ்சம் என்று சொல்பவர் எவ்வளவு குடிக்கிறார் என்பது இப்போது விளங்குகிறதன்றோ? ஆதலின் வீட்டுக் கிண்ணத்திலே தண்ணீர் வார்த்து அளந்து பார்க்கவும் வினாவுவோர் கற்றிருக்க வேண்டும். கசிப்புக்கோ அச்சிட்ட அளவு எதுவுமில்லை. அதிலே என்ன கலந்திருக்கிறது என்பதை ஆய்வுகூடத்திற் குழாயும் கையுமாக நிற்பவர் சொன்னாலன்றி வேறு எவராலும் சொல்ல முடியாது.

படிவங்கள் கந்தோருக்கு வந்த பின்னர் லிகிதரின் வேலை தொடங்குகிறது. இலக்கங்களைக் கணனியிற் பதிந்து, முன்னுக்குப் பின் முரணானவற்றைப் பிரித்து, எந்த இலக்கம் எந்த வீடு என்று காட்டும் குறிப்பேடு இருந்தால் அதைத் தனியே பூட்டி வைக்கிறார். அந்தத் திறப்பு அவரிடம் இருக்கும் வரையில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் மானம் அவரிடம் அடைக்கலமாக இருக்கிறது. மனைவியிடமும் நண்பரிடமும் வாய் திறவாதிருப்பதே அவருடைய தொழிற்றிறமை.

இனி, கடல்கடந்த ஒரு கதை. குடிப்பவர் குடித்தால் உடனே முகஞ் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுக்கச் செய்யும் டைசல்பிராம் என்ற மாத்திரையைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். டென்மார்க் தேசத்துக் கோப்பன்ஹேகன் நகரில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜேக்கப்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர் அதனைக் குடற்புழுவுக்கு மருந்தாகும் என்று கருதித் தாமே விழுங்கிப் பார்த்தனர். பின்னர் விருந்தொன்றிற் சிறிதளவு மது அருந்தியபோது உடல் நலங் குன்றி உண்மையை உணர்ந்தனர். 1948இல் அவர்களுடைய ஆராய்ச்சி வெளியாயிற்று; பெயரும் நிலைத்தது. ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1937இல், வில்லியம்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் ஒரு செய்தியை எழுதியிருந்தார். றப்பர்த் தொழிலுக்குப் பயன்படும் அவ்வினத்து இரசாயனப் பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள், தமக்கு மது ஒத்துக்கொள்வதில்லை என்று கண்டிருந்தார்கள் என்பதே அது. அத்தொழிலாளரின் பெயர்களை எந்த நூலிற் காண்போம்?

இவ்விடத்தில் நமது சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இம்மாத்திரையைக் கணவருக்குத் தெரியாமற் கறியிலோ தேநீரிலோ கலந்து கொடுக்கலாம் என்று எவரேனும் யோசனை கூறினால் ஒருபோதுஞ் செவிசாய்க்க வேண்டாம். அறியாமற் குடித்தவருக்கு உயிராபத்து நேரிடக்கூடும். வைத்தியரின் மேற்பார்வையில், நோயாளியின் முழுச் சம்மதத்துடன் மாத்திரமே அது கொடுக்கப்படுவது.

மருந்தை மாத்திரம் நம்பாமல், மனிதரை நம்பி நடத்தப்படும் ஓர் ஆராய்ச்சி நிலையம் நம் தமிழ் மக்களிடையே உண்டா என்று கேட்டால், பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னையைத்தான் காட்டவேண்டும். இந்திய நிதியமைச்சராயிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரர் ரங்கநாதன் குடிநோயினால் 1979இற் காலமானார். பொருளும் செல்வாக்கும் நிறைந்த குடும்பத்தினாலும் அவரைக் காக்க முடியவில்லை. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அத்துயரத்துடன் வீட்டினுள் முடங்கிவிடவில்லை. 1980இலே கணவர் பெயரால் டி. டி. ரங்கநாதன் சிகிச்சை ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தார். இந்திரா நகரிலுள்ள அதன் வைத்தியசாலையைச் சென்னை மக்கள் டி. டி. கே. ஆஸ்பத்திரி என்பர். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது; 1999இல் ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா விருதும் வந்தது.

விருது பெற்றவரை உலகம் அறியும். அந்த அம்மையார் வகுத்த முறையிலோ, உலகம் அறியாதவர்களுக்கே பெரும்பங்கு உண்டு. குடியிலிருந்து மீண்டவர்களே அங்கே ஆலோசகராக அமர்ந்து, புதிதாக வருபவரின் எதிரே தம் கதையைச் சொல்கிறார்கள். “நானும் இந்தக் கட்டிலிற் கிடந்தவன்தான்” என்ற ஒரு வாக்கியத்திற்கு எந்தப் பட்டமும் ஈடாகாது. நோயாளியுடன் அவர் வீட்டாருக்கும் தனி வகுப்பு உண்டு. குடிநோய் குடும்பத்தையே பீடிப்பது என்பது அவர்கள் கொள்கை. திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடிக் கிராமத்திலே பதினைந்து நாள் முகாம்களையும் நடத்தி, நகரத்துக்கு வர இயலாத ஏழைகளைத் தேடிச் சென்றார்கள். இந்த முகாம் முறையை நம் வாவிக்கரைக் கிராமங்களும் ஆலோசிக்கலாம்.

இத்தகைய நிலையங்களில் இரவுநேரத் தாதியின் பணியை எண்ணிப் பாருங்கள். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், ஆறு மணித்தியாலம் செல்வதற்குள்ளேயே கை நடுங்கத் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததை இருப்பதாகக் கண்டு அலறும் சித்தப்பிரமையும் நேரலாம்; அது உயிரையே பறிக்கவல்லது. ஆகவே அத்தகையவர் வீட்டில் வீறாப்பாகக் குடியை நிறுத்துவது தகாது. வைத்தியரை நாடியே நிறுத்த வேண்டும். பெரிய வைத்தியர் காலையில் வந்து கையொப்பமிடும் வரை, நாடி பார்த்து, வியர்வை துடைத்து, வசைமொழியையும் வாங்கிக்கொண்டு விழித்திருப்பவர் அந்தத் தாதி. சமையற்காரரும் ஒருவகையில் ஆராய்ச்சியாளரே. தேநீர்க் கோப்பை எவர் கையில் நடுங்குகிறது, எவர் இன்று முதன்முறையாக இரண்டாந்தரஞ் சோறு கேட்டார் என்பதை முதலில் அறிபவர் அவர். வாயிற் காவலாளியோ, வெளியேற எத்தனிப்பவரிடம் அதிகாரமாகப் பேசாமல், “தம்பி, ஒரு வெற்றிலை போட்டுவிட்டுப் போகலாமே” என்று ஐந்து நிமிடம் தாமதிக்கச் செய்து, சில வேளைகளில் ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிடுகிறார்.

இவர்களுக்கு விழா எடுக்கும்படி நாம் கேட்கவில்லை. அவர்களும் அதனை விரும்பார். ஆனால் வாசகர்கள் செய்யத்தக்கவை இரண்டு உண்டு. படிவத்துடன் ஒரு பிள்ளை உங்கள் படலையைத் திறந்தால், ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து இருக்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு உண்மையைக் கூறுங்கள். நாம் மறைக்கும் ஒவ்வொரு “இல்லை”யும், நம் ஊருக்கு வரவேண்டிய ஒரு சிகிச்சை நிலையத்துக்கோ ஓர் ஆலோசகருக்கோ தேவையில்லை என்று நாமே எழுதிக் கொடுக்கும் கடிதமாகும். மற்றது, சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் வீதியில் எதிர்ப்பட்டால், போன இடத்தை விசாரியாமல் வேளாண்மையை விசாரியுங்கள். “ஒரு நாளைக்குத்தானே” என்று கையைப் பிடித்து இழுக்காதிருப்பது அதனினும் பெரிய உதவி. நீங்களும் அப்போது அந்தத் திரைக்குப் பின்னாலுள்ள தொண்டரில் ஒருவராகிறீர்கள்.

அடுத்த திருவிழாவிலே அன்னதானக் கொட்டகையின் பின்புறம் சென்று, அகப்பை பிடித்தவரிடம் “நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று நாம் கேட்கப்போகிறோம். சித்தாண்டிப் படலையிலே அப்பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவள் அன்று எத்தனை வீடு ஏறினாளோ, எப்போது உண்டாளோ!