திறந்தவெளியிலும் மூச்சு நிற்பது ஏன்? கூட்ட நெரிசலில் நெஞ்சுக்குள் நடப்பது இதுதான்!

பங்குனி உத்திரம் வந்தாலே கூட்டேரிப்பட்டு கூட்ரோடு பரபரப்பாகிவிடும். விழுப்புரம் பக்கத்திலிருந்து மயிலம் முருகன் கோயில் தேருக்கு வருபவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். 2024 அக்டோபர் 27-ல் விக்கிரவாண்டி வி.சாலையில் தவெக முதல் மாநாடு நடந்தபோதும், சென்னையிலிருந்து வந்த வண்டிகள் இந்த வழியாகத்தான் போயின.

கூட்டம் நமக்குப் புதுசு இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 27-ல் கரூர் வேலுசாமிபுரத்தில் விஜய்யின் பிரசாரக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசல், குழந்தைகள் உட்பட 41 உயிர்களைப் பறித்தது. தென்கொரியாவின் இதேவோனில் 2022-ல் நடந்த நெரிசலில் 159 பேர் இறந்தனர்.

இதுபோன்ற நெரிசல்களில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை, மூச்சுத்திணறித்தான் இறக்கிறார்கள். திறந்தவெளியில் காற்றுக்கா பஞ்சம்? அப்புறம் எப்படி?

நுரையீரல் தானாக விரியாது

நுரையீரல் ஒரு பஞ்சு மாதிரி. தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் தசை அதற்குக் கிடையாது. விரிக்கும் வேலையை நெஞ்சுக்கூடுதான் செய்கிறது.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி இருக்கும் தசை, உதரவிதானம். மூச்சு இழுக்கும்போது அது கீழே இறங்கும். விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகள் நெஞ்சை மேலேயும் வெளியேயும் தூக்கும். கூடு பெரிதாகும்.

கூட்டின் உள்சுவருக்கும் நுரையீரலுக்கும் நடுவில் இரண்டு மெல்லிய சவ்வுகள், அவற்றுக்கிடையே கொஞ்சம் திரவம். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதுபோல, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு சேர்ந்தே விரியும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று தானாக நுழையும். ஊசி மருந்தை சிரிஞ்சில் இழுப்பதும் இதே கதைதான்.

ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு சுமார் அரை லிட்டர் காற்று, நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு.

நெரிசலில் என்ன ஆகிறது?

ஒரு சதுர மீட்டரில் 5 பேருக்கு மேல் போனாலே ஆபத்து தொடங்குகிறது. 6, 7 பேர் என்றால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். நம் கால் நம் பேச்சைக் கேட்காது.

அப்போது முன்னும் பின்னும் இருப்பவர்கள் நெஞ்சையும் வயிற்றையும் அழுத்துகிறார்கள். விலா எலும்பு விரிய இடமில்லை, உதரவிதானம் இறங்க வழியில்லை. மூச்சு விடும்போது நெஞ்சு சுருங்குமல்லவா? அந்த இடத்தையும் கூட்டம் பிடித்துக்கொள்ளும். அடுத்த மூச்சு இன்னும் சிறியதாகும். மூக்குக்கு முன்னால் காற்று இருந்தும் உள்ளே போகாது. நின்றபடியே மயங்கி இறப்பதும் நடக்கிறது. ஆக்ஸிஜன் நின்று சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படும்.

குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். அவர்களின் விலா எலும்பு மிருதுவானது, பெரியவர்களின் இடுப்பு உயரத்தில்தான் அவர்களின் நெஞ்சே இருக்கிறது.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

• கைகளைத் தொங்கவிடாதீர்கள். குத்துச்சண்டை வீரர் மாதிரி நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வையுங்கள். அந்தச் சின்ன இடைவெளிதான் உங்கள் மூச்சு.
• தேவையில்லாமல் கத்தாதீர்கள், காற்று வீணாகும்.
• செல்போன், செருப்பு கீழே விழுந்தால் குனியாதீர்கள்.
• கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அதன் போக்கிலேயே மெல்ல மெல்லக் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். சுவர், தடுப்புக் கம்பி பக்கம் ஒதுங்காதீர்கள்.
• விழுந்து எழ முடியாவிட்டால், ஒருக்களித்துச் சுருண்டு படுத்துத் தலையைக் கைகளால் மூடுங்கள்.
• ஒருவர் மூச்சில்லாமல் கிடந்தால், கூட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். தெரிந்தவர்கள் உடனே சிபிஆர் கொடுங்கள்.

கரூர் சம்பவத்தை சிபிஐ விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2025-ல் உத்தரவிட்டது. யார் பொறுப்பு என்பது அங்கே தெரியட்டும். ஆனால் திருவிழாவோ மாநாடோ, ஏற்பாடு செய்பவர்கள் முதலில் கணக்குப் போட வேண்டியது ஒன்றுதான்: வருகிற ஒவ்வொருவரின் நெஞ்சும் விரிய இடம் இருக்கிறதா?