சங்கடப்படலையும் சங்கக் காவலும்

பழைய மாணவர் என்போர் ஆண்டுக்கொருமுறை மண்டபத்திற் கூடி, அறிக்கை வாசித்து, விருந்துண்டு பிரிந்த காலம் ஒன்றிருந்தது. இன்று அவர்கள் நாள்தோறும் கூடுகின்றனர். கூடுமிடம் மண்டபமன்று, இணையவெளி. யாழ்ப்பாணத்தில் ஒருவர் எழுதுவதைக் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ளோர் அவரவர் வேளையிற் படிக்கின்றனர். ஆசிரியர் ஒருவரின் மறைவுச் செய்தி, வறிய மாணவனுக்கான உதவி வேண்டுகோள், துடுப்பாட்டப் போட்டியின் முடிவு, ஐம்பதாண்டுகளுக்கு முந்திய வகுப்புப் படமொன்று ஆகிய யாவும் இச்சிறு கூட்டங்களிலே கைமாறுகின்றன. இருநூறு பேர், முந்நூறு பேர் கொண்ட இக்கூட்டங்கள் நம் சங்கத்தின் கிளைகளாகவே ஆகிவிட்டன. ஆகவே, அவற்றின் காவலைப்பற்றிச் சில வார்த்தை கூறுதல் இவ்விழா மலருக்குப் பொருத்தமானதே என எண்ணுகின்றோம்.

அழையாத அந்நியர் இக்கூட்டங்களுள் நுழைகின்றனர். பழைய மாணவர் ஒருவரின் பெயரைப்போல ஒரு பெயர். கல்லூரிச் சின்னத்தையே முகமாகக் கொண்ட ஒரு படம். இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் நீரிழிவைத் தீர்க்கும் மருந்து, ஒரு மாதத்திற் பணத்தை இரட்டிக்கும் முதலீடு, வெளிநாட்டு வேலை, சூதாட்டம் என்று விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. ஆங்கிலத்தில் இதனை ஸ்பாம் என்பர். நாம் வேண்டா விளம்பரம் என்போம்.

இதனாற் கெட்டுப்போவது என்ன என்று வினவலாம். அழித்துவிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். அவ்வாறன்று. வேண்டா விளம்பரம் மிகுந்த கூட்டத்திலிருந்து எவரும் சண்டையிட்டு வெளியேறுவதில்லை, வாசிப்பதைத்தான் நிறுத்திவிடுகின்றனர். பின்னொருநாள் தம் ஆசிரியரின் ஈமச்சடங்கு முடிந்து ஒரு வாரத்தின் பின்னரே மறைவை அறிந்து வருந்துகின்றனர். அதனினும் பெரிய இழப்பு வேறொன்றுண்டு. பொய்யான பண வேண்டுகோள்கள் நான்கு வந்த இடத்தில் ஐந்தாவதாக வரும் உண்மையான வேண்டுகோளும் ஐயுறப்படுகின்றது. சிறுநீரக நோயால் வருந்தும் ஒரு மாணவனுக்கு உதவ நினைத்தவர் கையை மடக்கிக்கொள்கின்றார். கள்வன் கொண்டுபோவது ஒருவரின் பணத்தை மட்டுமன்று. எல்லாருடைய நம்பிக்கையையும் அவன் கொண்டுபோகின்றான்.

இத்தொல்லை பழையது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற்றில், 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், கணினிக் கம்பனியொன்றின் விற்பனையலுவலர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பலர் சினந்தனர், ஆயினும் அவருக்கு விற்பனை கிடைத்தது. 1994 ஏப்ரிலில் அமெரிக்க வழக்கறிஞர் இருவர், குடிவரவு அனுமதிச் சீட்டு பெற்றுத்தருவதாகக் கூறும் விளம்பரத்தை யூஸ்நெற் எனும் உரையாடற் களத்தின் 5,000க்கு மேற்பட்ட பிரிவுகளில் இட்டனர். செடிகொடி வளர்ப்பைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தோரும் அவ்விளம்பரத்தைப் படிக்கவேண்டியதாயிற்று. ஏசியவர் ஆயிரக்கணக்கினர், இவ்விருவரோ வெட்கமடையாது, இவ்வாறு விளம்பரஞ் செய்வது எப்படி என்று ஒரு நூலே எழுதினர். கண்டிப்பும் ஏச்சும் இவ்வகையினரைத் திருத்தமாட்டா என்பது அன்றே தெளிவாயிற்று.

ஏன் திருத்தமாட்டா என்பதற்கு விடை கணக்கிலே உண்டு. கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர், இத்தகைய விளம்பரங்களைப் பரப்பும் ஒரு கணினி வலைப்பின்னலுள் தாமே ஊடுருவிக் கணக்கெடுத்து, 2008ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். 26 நாட்களில் ஏறக்குறைய 35 கோடி மின்னஞ்சல்கள் சென்றன. அவற்றைக் கண்டு மருந்து வாங்க முன்வந்தோர் 28 பேர். கடையிலே கோடிக்கணக்கானோரிடம் கூவி 28 பேருக்கு விற்பவன் அன்றே கடையைப் பூட்டுவான். ஆனால் கூவுவதற்குச் செலவேயில்லையெனின், 28 பேரும் இலாபமே. ஆகவே, வேண்டா விளம்பரக்காரனை நாணச்செய்ய முயல்வது வீண். அவன் வரவுக்குச் செலவை உண்டாக்குவதே வழி. நுழைவதற்குச் சிறிது உழைப்பு, நுழைந்தபின் கிடைப்பது ஒன்றுமில்லை என்ற நிலையை உண்டாக்கிவிட்டால் அவன் வேறிடம் நாடுவான்.

இருநூறு பேர் கொண்ட கூட்டத்தில் அவனுக்கு என்ன இலாபம் என்று சிலர் வியப்பர். இலாபம் இரண்டு. கூட்டத்தின் பக்கங்கள் வெளியார்க்குத் திறந்திருப்பின், அங்கே தன் கடையின் முகவரியை விதைத்துவிட்டால், தேடுபொறிகள் அதனைக் கண்டு அக்கடையை உயர்வாக மதிக்கக்கூடும் என்பது ஒன்று. அவன் நம்முடன் பேசவில்லை, தேடுபொறியுடன் பேசுகின்றான். இதனைத் தடுக்கவே, பிறர் இட்ட முகவரிகளைக் கணக்கிற் கொள்ளவேண்டாம் எனத் தேடுபொறிக்கு அறிவிக்கும் குறியீடொன்றை 2005 ஜனவரியிற் கூகிள் முதலிய நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. மற்றையது, சிறு கூட்டத்தில் ஒருவரையொருவர் நம்புகின்றனர் என்பது. அந்நம்பிக்கையே அவன் கண்ணுக்குச் செல்வம். முன்னையவனைப் பக்கங்களை மூடிவைத்துத் தடுக்கலாம். பின்னையவனைத் தடுப்பதற்குத்தான் சிந்தனை வேண்டும்.

பிறர் கையாண்ட வழிகளை ஆராய்வோம். கோணல் எழுத்துகளைக் காட்டி வாசிக்கச் சொல்லியும், படங்களுள் வீதி விளக்கைத் தேடச் சொல்லியும் மனிதரையும் இயந்திரத்தையும் பிரித்தறியும் சோதனை ஒன்றுண்டு. கப்சா என்பது அதன் பெயர். இன்று அதன் வலி குன்றிவிட்டது. ஆயிரம் சோதனைகளை ஒரு டொலர் அளவிலான கூலிக்குத் தீர்த்துத்தரும் ஏழைத் தொழிலாளர் சந்தையொன்று இருப்பதை 2010ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. இயந்திரங்கள் மனிதரினும் விரைவாகவும் திருத்தமாகவும் இதனைச் செய்யவல்லன என்று 2023ஆம் ஆண்டின் ஆய்வொன்று கூறுகின்றது. ஆக, கள்வன் உள்ளே போகின்றான். கண்பார்வை குன்றிய நம் முதுபெரும் ஆசிரியர் வெளியே நிற்கின்றார். இத்தகைய காவலை நம்பியிருத்தல் அறிவுடைமையன்று.

இரண்டாவது வழி கட்டணம். 1999இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற மெட்டாஃபில்டர் எனும் இணையச் சமூகம், 2004 நவம்பரிற் புதிய உறுப்பினர்க்கு ஐந்து டொலர் நுழைவுக் கட்டணம் விதித்தது. தொகை சிறிது, ஆயின் நீக்கப்பட்டவன் மீண்டும் வரவேண்டுமெனின் மீண்டும் ஐந்து டொலர் கொடுக்கவேண்டும். நூறு பொய்ப்பெயரில் வர விரும்புவோனுக்கு அது சுமையாகும். நல்ல உபாயமே, ஆனால் நமக்குப் பொருந்தாது. இலண்டனில் ஒரு தேநீர்ச் செலவாக இருப்பது, ஊரிலே அன்றாடக் கூலி வாங்கும் பழைய மாணவனுக்கு அவ்வாறன்று. கல்லூரியின் மைந்தருட் பணமுள்ளோர் இல்லோர் என்று வாயிலிலேயே பிரிக்கும் வழியை நாம் ஏற்கலாகாது.

மூன்றாவது வழி பிணை. 2012இல் தொடங்கிய லொப்ஸ்டேர்ஸ் எனும் கணினித்துறையினர் சமூகத்தில், உள்ளே இருக்கும் ஒருவர் அழைத்தாலன்றிப் பிறர் சேரமுடியாது. யார் யாரை அழைத்தார் என்னும் மரபுவரிசையும் எல்லாரும் காண வைக்கப்பட்டுள்ளது. அழைத்தவர் பெயர் உடன் நிற்பதால் எவரும் கண்டவரை அழைக்கத் துணியார். இம்முறை நம் மண்ணின் வழக்கத்துக்கு அணித்தானது. அந்நியன் ஒருவன் ஊருக்கு வந்தால், ‘நீ ஆரிடம் வந்தனி?’ என்று முதலிற் கேட்கும் ஊரவர் நாம்.

ஆயினும் இதிலும் ஒரு குறையுண்டு. பிணை நிற்க ஆளில்லாதவர் என்செய்வார்? போர்க்காலத்தில் நம்மவர் பலர் திக்குத்திக்காகச் சிதறினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு சென்றவர்கள் பாடசாலைச் சான்றிதழைக் கொண்டுசெல்லவில்லை. இடையிற் படிப்பை நிறுத்தியோரும், வகுப்புத் தோழரோடு தொடர்பற்றுப்போனோரும் பலர். ‘ஆவணம் காட்டு, அல்லது ஆளைக் காட்டு’ என்று கேட்டால், நாம் முதலில் அணைத்துக்கொள்ள வேண்டியவரையே வெளியே நிறுத்தியவர் ஆவோம். காவலின் கடுமை நம்மவரையே புண்படுத்துமாயின், அதனினும் வேண்டா விளம்பரமே மேல்.

எனவே எமது துணிபு இது. சேர விரும்புவோர் யாவரிடமும் ஒரு வினாவைக் கேட்டல் வேண்டும். அவ்வினா கல்லூரி தொடங்கிய ஆண்டு, அதிபர்களின் பெயர் முதலியனவாக இருத்தலாகாது. அச்சேறிய செய்தியெல்லாம் இயந்திரத்துக்கும் தெரியும். ‘நீர் கற்ற காலத்து வகுப்பாசிரியர் ஒருவரைப்பற்றி நான்கு வரி எழுதுக’ என்று கேட்டாற் போதும். உண்மையான பழைய மாணவர் நான்கு வரியோடு நிறுத்தமாட்டார். அவ்வாசிரியரின் பிரம்பையும், சைக்கிளையும், பட்டப்பெயரையும் சேர்த்து நாற்பது வரி எழுதிவிடுவார். பொய்யர் மௌனமாவார், அல்லது செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு எவ்வாசிரியருக்கும் பொருந்தும் பொதுப்புகழை அனுப்புவார். அவ்விடையை அதே காலத்திற் கற்ற ஒருவர் வாசித்தால், ஒரு நிமிடத்தில் உண்மை புலப்படும். இது ஆவணமும் பணமும் வேண்டாத சோதனை.

நம் முன்னோர் வீட்டு வாயிலில் அமைத்த சங்கடப்படலையை இவ்விடத்தில் நினைவுகூரலாம். மேலே கூரை, இருமருங்கும் திண்ணை. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கி அங்கே அமரலாம். வீட்டினுள் நுழைய வீட்டார் அழைக்கவேண்டும். வரவேற்பும் காவலும் ஒரே கட்டடமாக அமைந்த அழகு அது. இணையச் சங்கத்துக்கும் அவ்வாறான திண்ணை வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் யாவற்றையும் வாசிக்கலாம், எழுதலாம்; ஆனால் முதல் ஐந்தாறு கடிதங்களைப் பொறுப்பாளர் பார்த்த பின்னரே வெளியிடுக. அதுவரை பிற தளங்களின் முகவரிகளை இடுதற்கும், உறுப்பினர் எல்லார்க்கும் தனிக்கடிதம் விடுத்தற்கும் இடங்கொடாதீர். உறுப்பினரின் தொலைபேசி எண்களை எவர் கண்ணுக்கும் திறந்துவைத்தல் ஆகவே ஆகாது. வஞ்சகன் தேடிவரும் புதையல் அப்பட்டியலே. எண்களை மறைக்கவியலாத செயலிகளிற் கூடுவோர், முழுச் சோதனையையும் வாயிலிலேயே முடித்துவிடுக.

கிடுகு வேலியை ஒருமுறை அடைத்துவிட்டு உறங்குவார் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆண்டுதோறும் அதனைப் புதிதாக அடைக்கவேண்டும். பொட்டு விழுந்த இடத்தை அன்றே மறைக்கவேண்டும். அதுபோலப் பொறுப்பாளர் மூவர், வெவ்வேறு தேசங்களில் இருப்போராய் நியமிக்கப்பட்டால், ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். விளம்பரம் தோன்றிய ஒரு மணி நேரத்தில் அது அகன்றுவிடவேண்டும். அதனோடு வாதிடுதலும் ஏசுதலும் வேண்டா. மறுமொழி அவனுக்குத் தீனியாகும். தவறாக நீக்கப்பட்டவர் முறையிடுவதற்கு ஒரு மனிதரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். பொறுப்பாளர் ஆண்டுக்கொருமுறை மாறவேண்டும். வேலியே பயிரை மேய்தல் நாம் அறியாததன்று.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாகவேண்டும். தொல்லை எப்போதும் அந்நியராலேயே வருவதில்லை. நம்முள் ஒருவரே, ஆளைச் சேர்த்தால் ஆளுக்கு இவ்வளவு என்னும் பிரமிட் திட்டமொன்றில் மயங்கி அதனை நம்மிடம் கொண்டுவருவதுண்டு. அத்தகைய திட்டங்கள் இலங்கையில் 1988ஆம் ஆண்டின் வங்கித்தொழிற் சட்டத்தின் 83இ பிரிவினால் தடைசெய்யப்பட்டவை. நண்பர் என்பதற்காக விதியைத் தளர்த்தினால் அந்நியர்க்கு அதனைக் கூறும் உரிமையை இழப்போம். இன்னும், அறிந்த நண்பரின் பெயரிலிருந்து ‘அவசரம், பணம் அனுப்பு’ என்று செய்தி வருமாயின், அவரது பழைய தொலைபேசி எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்டறியாமல் ஒரு சதமும் அனுப்பலாகாது. பொது நிதி யாவும் சங்கத்தின் வங்கிக் கணக்கினூடாக, பற்றுச்சீட்டோடு மட்டுமே செல்லுதல் வேண்டும்.

இவ்வளவு காவல் விருந்தோம்பற் பண்புக்கு இழுக்கல்லவா என்பார்க்கு ஒன்று கூறுவோம். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகையே, தெரிந்துதெளிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் முரணாவன அல்ல. யாரை நம்பலாம் என்று தெளிந்த வீட்டிலேதான் விருந்தினர் அச்சமின்றி அமர்வர்.

நம் இளைஞர் தொழில்நுட்பம் அறிவர். முதியோர் மனிதரை அறிவர். இக்காவலுக்கு இரண்டு அறிவும் வேண்டும். மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் ஒருங்கிருந்து, இவ்விழா ஆண்டிலேயே நம் இணையச் சங்கத்துக்கு எளிய விதிகள் ஒரு பத்தை எழுதி நிறைவேற்றுவாராக. பல்லாண்டின் பின் எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, தம் வகுப்பாசிரியரைப்பற்றி நான்கு வரி எழுதி நிற்பார். அவரை அன்றே அடையாளங்கண்டு, ‘உள்ளே வாரும்’ என்று அழைக்க ஒருவர் நம் படலையில் இருத்தல் வேண்டும்.